ஆவுடையார் தைத்த ஓடம்

கொள்ளிடத்தின் தென்கரையில் நாணற்படுகை என்னும் ஊரில் ஓடம் தைத்துப் பிழைத்து வந்தார் ஆவுடையார். தைப்பது என்றுதான் அந்தத் தொழிலில் சொல்லுவார்கள். இரும்பாணி கிடையாது. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்து, நார்க்கயிற்றால் பலகையோடு பலகையை இறுக்கிக் கட்டுவார்கள். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். வீட்டுக் கொல்லையில் இருந்த கீற்றுக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. கோரை அறுக்கிறவர்களும் வலை போடுகிறவர்களும் சின்ன ஓடம் கேட்டு வருவார்கள். பெரிய இடத்திலிருந்து யாரும் அவரைத் தேடி வந்ததில்லை.

விடியலில் ஆற்றில் மூழ்கி எழுந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வடகரையில் தெரியும் அம்மையப்பர் கோபுரத்தைக் கும்பிட்ட பிறகே அவர் கருவியைத் தொடுவார். தைக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சிவாயநம. சொல்லாமல் ஒரு முடிச்சு விழுந்துவிட்டால் அதை அவிழ்த்துச் சொல்லிக்கொண்டே மறுபடி போடுவார். அதனால் மற்றவர் ஒரு மாதத்தில் முடிக்கிற ஓடம் அவருக்கு இரண்டு மாதம் பிடிக்கும். வீட்டில் கஞ்சியும் அதற்கேற்பத் தெளிவாகவே இருக்கும். அவர் மனைவி உமையாள் அந்தக் கஞ்சியை முதலில் அக்கரைக் கோபுரத்துக்குக் காட்டிவிட்டுத்தான் அவருக்கு ஊற்றுவாள்.

ஆவுடையாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்துவிடும். பசித்தாலும் சிவாயநம, பசி தீர்ந்தாலும் சிவாயநம என்று இருக்கிறவரைப் பற்றி என்ன நீட்டிச் சொல்வது? ஆகையால் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் போவோம். அங்கேதான் விடங்கர் இருந்தார்.

விடங்கர் ஆவுடையாருக்குப் பெரியப்பா மகன். தாத்தா கட்டிய ஒரே வீட்டை நடுவில் மண்சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டவர்கள். பெரிய பாதி விடங்கருக்கு. தேக்கு உத்திரம், ஓட்டுக் கூரை, பட்டறையில் பத்து ஆள். இடக்கைக்காரர். அந்தக் கையில் உளி ஏறினால் மரம் தானாக வழிவிடும் என்று ஊரே சொல்லும், அது பொய்யும் இல்லை. ஆண்டுக்கு ஒருநாள் அம்மையப்பர் ஆற்றைக் கடந்து இக்கரை மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அந்தப் பயணத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் புது ஓடம் செய்து கொடுப்பவர் அவர்தான். அந்த மண்டபத்தில் அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். பதினோரு ஆண்டாகக் கட்டிய பட்டுகளை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

இவ்வளவும் இருந்தும் மனிதருக்கு நிம்மதி இல்லை. சுவருக்கு அப்பாலிருந்து அந்தச் சிவாயநம கேட்டுக்கொண்டே இருந்தது. பங்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இல்லாதவனுக்கு இருப்பவன் மேல் வருவது. விடங்கருக்கு அது தலைகீழாக வந்தது. 'இவனிடம் என்ன இருக்கிறது என்று இப்படிச் சிரிக்கிறான்' என்பதுதான் அவருடைய நோய். தம்பி பட்டினி கிடந்தால் கொஞ்சம் ஆறும். பட்டினியிலும் பாடுகிறான் என்று தெரிந்தால் மறுபடி வயிறு பற்றிக்கொள்ளும். ஆவுடையாரின் ஓடம் ஒழுகும் என்று அவரே கிளப்பிவிட்டார். ஒழுகலார் என்று பட்டப்பெயரும் வைத்தார். ஊர் சிரித்தது. ஆவுடையாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "அண்ணன் வச்ச பேரு, இருந்துட்டுப் போவுது" என்றார். விடங்கருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தக் கோயிலில் ஒரு மரபு உண்டு. பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை, இனி ஓடம் செய்பவர் யார் என்று சந்நிதியில் பூக்கட்டிக் கேட்பார்கள். அந்தச் சித்திரையில் அந்த முறை வந்தது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை விடங்கருக்கு, சிவப்பு ஆவுடையாருக்கு என்று வைத்தார்கள். பேருக்குக் கேட்பதுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கண் தெரியாத ஒரு கிழவரை எடுக்கச் சொன்னார்கள். அவர் எடுத்துப் பிரித்த பொட்டலத்தில் செவ்வரளி இருந்தது.

விடங்கர் சிரித்த முகத்தோடுதான் ஊர் திரும்பினார். வந்ததும் முதல் வேலையாக, ஆற்றோடு வரும் மரத்தையெல்லாம் தானே வாங்கிக்கொள்வதாக மரக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். சுற்று வட்டாரத்தில் ஓடத்துக்கு ஆகும் மரம் ஒரு துண்டுகூட ஆவுடையாருக்குக் கிடைக்கவில்லை. வைகாசி போயிற்று, ஆனியும் பாதி போயிற்று. கொட்டகை காலியாகக் கிடந்தது.

விடங்கர் சுவரோரம் வந்து நின்று, "என்னடா தம்பி, சாமிய நீந்தி வரச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"மரம் குடுப்பாருண்ணே" என்றார் ஆவுடையார். "எங்கேருந்துன்னுதான் இன்னும் சொல்லல."

மறுநாள் காலை சுவருக்கு அப்பால் ஓடு சரியும் சத்தம் கேட்டது. விடங்கர் எட்டிப் பார்த்தார். ஆவுடையாரும் உமையாளும் தங்கள் வீட்டுக் கூரையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தாத்தா காலத்து இலுப்பை உத்திரங்கள், மூன்று தலைமுறையாகக் காய்ந்து இறுகியவை. கதவு, நிலை, தூண் எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அறுத்துப் பலகையாக்கிப் போட்டபோது அந்த மரத்தைப் பார்த்த விடங்கரின் கண் கலங்கியது. இரக்கத்தால் அல்ல. அப்படிப்பட்ட மரத்தில் கை வைக்கத் தமக்கு ஒருநாளும் வாய்க்கவில்லையே என்ற ஆற்றாமைதான்.

அதற்குப் பிறகு அவர் உள்ளபடியே இளைத்துப் போனார். கூரையில்லாத வீட்டில் மத்தியான வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆவுடையார் குறட்டை விட, தேக்கு உத்திரத்தின் கீழே இவர் புரண்டுகொண்டிருந்தார்.

விடங்கர் மனைவி நாச்சியார் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏங்க, வீட்டையே பிரிச்சுட்டு நிக்கிறது அவுங்க. தூக்கம் போனது உங்களுக்கா?"

"நீ உன் வேலையப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்களத்தான் பாக்க முடியல" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆடி பிறந்தது. ஓடம் முடிந்தது. விடங்கர் குறை கண்டுபிடிக்கவென்றே ஒருநாள் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு தையல்கூடத் தொய்யவில்லை. தாம் செய்த பதினோரு ஓடமும் இதன் பக்கத்தில் நிற்காது என்பது தொழில் தெரிந்த அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது. அதுவே அவருக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

எழுந்தருளும் நாள் காலையில் ஊரே பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கப் போயிற்று. ஆவுடையாரும் போனார். விடங்கர் இடக்கையில் உளியோடு சுவரைத் தாண்டினார். தையலை எங்கே அறுப்பது என்பதில்தான் அவருடைய வித்தை இருந்தது. அடிப்பலகையில் அறுத்தால் தண்ணீரில் தள்ளியதுமே தெரிந்துவிடும். இரண்டாம் பலகையில், பின்புறம் அறுத்தால் வெறும் ஓடமாகப் போகும்போது அந்த இடம் தண்ணீருக்கு மேலே இருக்கும். சுவாமியும் குருக்களும் மேளக்காரரும் ஏறி ஓடம் அமுங்கினால்தான் வாய் பிளக்கும். அடுத்தடுத்து மூன்று தையலை அறுத்தார். மேலே குங்கிலியத்தைத் தடவி மறைத்தார். சுவாமிக்குக் கேடு நினைக்கவில்லை என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். ஓடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறவேண்டும், ஒழுகலார் என்று ஊர் சிரிக்கவேண்டும், அவ்வளவுதான்.

உச்சிப்பொழுதில் அக்கரையிலிருந்து சங்கு ஊதியது. ஓடம் புறப்பட்டது. ஒரு பாதி அப்பனும் ஒரு பாதி அம்மையுமாக ஒரே திருமேனி, நடுவே மாலைகளுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. ஆவுடையார் முன்தலைப்பில் கைகூப்பி நின்றார். இக்கரையில் கூட்டத்துக்கு முன்னால் விடங்கர் நின்றார்.

கால்வாசி ஆறு வந்தது. ஓடம் ஒழுகவில்லை. இன்னும் அமுங்கவில்லை போலும் என்று நினைத்தார். நடு ஆறு வந்தது. ஆடி வெள்ளம் அங்கே சுழித்துக்கொண்டு போனது. முழங்கால் தண்ணீர் என்று காலையில் போட்ட கணக்கு இப்போது அபத்தமாகத் தெரிந்தது. அங்கே பலகை பிளந்தால் யாரும் தப்ப முடியாது. அம்மையப்பரும் ஆற்றோடு போவார். விடங்கர் தண்ணீர் விளிம்புவரை போய்விட்டார். 'ஒழுகாதே, ஒழுகாதே' என்று முணுமுணுத்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பக்கத்தில் நின்றவர்கள், என்ன பக்தி பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஓடம் ஒரு சொட்டு ஒழுகாமல் கரை சேர்ந்தது.

மண்டபத்தில் சுவாமியை இறக்கி வைத்தார்கள். குருக்கள் பட்டை எடுத்து ஆவுடையாரை அழைத்தார். ஆவுடையார் நகரவில்லை.

"சாமி, இந்த மரியாதை எங்க அண்ணனுக்குப் போகணும்" என்றார். "காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்து, கடைசியா ஒரு தடவ தையலைத் தடவிப் பாத்தேன். ரெண்டாம் பலகையில மூணு முடிச்சு புதுசா இருந்துது. மூணும் இடக்கை முடிச்சு. இந்தச் சீமையில அப்படி முடி போடுறது எங்க அண்ணன் ஒருத்தருதான். என் தையல்ல ஏதோ பழுது இருந்திருக்கு. யாருக்கும் தெரியாம வந்து சரிபண்ணிக் குடுத்துட்டு, ஒரு வார்த்த சொல்லாம நிக்கிறாரு பாருங்க."

கூட்டம் விடங்கரை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. அவர் வாயெடுக்கும் முன் பரிவட்டம் தலையில் ஏறிவிட்டது. பதினோரு முறை ஆசையாகக் கட்டிக்கொண்ட பட்டு அன்று நெருப்பாகச் சுட்டது. அதைப் பிடுங்கி எடுத்தார். மண்டபத் தரையில் ஆவுடையார் காலடியிலேயே விழுந்தார்.

"நான் கட்டலடா தம்பி. நான் அறுத்தேன். மூணையும் இந்தக் கையாலதான் அறுத்தேன். கட்டல."

மேளம் நின்றது. அடிக்க ஓங்கிய கைகளும் இருந்தன. ஆவுடையார் அண்ணனின் தலைமேல் குனிந்து மறைத்துக்கொண்டதால் அவை இறங்கவில்லை.

திருமஞ்சனத்துக்காக மாலைகளைக் களைந்துகொண்டிருந்த குருக்கள் அப்போதுதான் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எவருக்கும் விளங்கவில்லை. அவர் விரல் சுட்டிய இடத்தைப் பார்த்தார்கள். திருமேனியின் இடக்கையில், உள்ளங்கைக் குறுக்கே, நார்க்கயிற்றை இழுத்து இறுக்கினால் விழுகிற தழும்பு இருந்தது. விரலிடுக்கில் குங்கிலியம் ஒட்டியிருந்தது.

"இடப்பக்கம் அம்பாளோட கை" என்றார் குருக்கள்.

உமையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "புள்ள பண்ணுன தப்பு வெளிய தெரியக்கூடாதுன்னு, புள்ள கையாட்டமே முடி போட்டிருக்கா. பெத்தவ வேற என்ன செய்வா?"

விடங்கர் வாய்விட்டு அழுதார். ஊரை ஏமாற்றிய பொறாமை அவளை ஏமாற்றவில்லை. தெரிந்தும் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது.

ஆவுடையாரும் அழுதார். அண்ணனைத் தூக்கி நிறுத்தி, அவருடைய இடக்கையை எடுத்துத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முப்பது வருசமா ஒவ்வொரு முடிக்கும் சிவாயநமன்னு சொல்லிச் சொல்லித் தைக்கிறேன்" என்றார். "என் கை மாதிரி ஒரு முடி போடணும்னு அவளுக்குத் தோணலியே. உங்க கை மாதிரிதானே போட்டிருக்கா. எனக்கு உங்க மேல பொறாமையா இருக்குண்ணே."

அவர் அதைச் சொல்லி வாய் மூடவில்லை. அம்மையின் பக்கத்துத் தோளில் குருக்கள் இன்னும் தொடாத மாலை ஒன்று இருந்தது. அது தானே நழுவி, தரையில் விழாமல், ஆவுடையார் கழுத்தில் வந்து விழுந்தது. வீட்டையே ஓடமாக்கிக் கொடுத்தபோதும் ஒன்றும் கேட்காதவர், வாழ்நாளில் முதன்முதலாக ஒரு குறை சொன்னார். அம்மையால் அதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த ஆவணியில் விடங்கர் நடுச்சுவரை இடித்தார். தம் பாதி வீட்டின் தேக்கு உத்திரங்களை இரண்டு பாதிக்குமாகப் பகிர்ந்து கூரை போட்டார். அழுக்காறு என்னும் ஆற்றில் விழுந்த அண்ணனையும் சேர்த்து அக்கரை ஏற்றிய ஆவுடையாரின் அன்பு பெரிது. அம்மையையே கயிறு பிடிக்கவைத்த அந்த எளியவர் அடிகளுக்கு வணக்கம்.