இடப்பக்கத்து இடம்

ஆற்றின் நாய்ப்பாறைச் சரிவில் மாதப்பன் பயணிகளை ஏற்றிச் சென்ற ரப்பர் படகு கவிழ்ந்து ஒருவர் இறந்துபோனார். பெயர் லோகநாதன். பேருந்து ஓட்டுநர். மனைவியோடு வந்திருந்தார். அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை மாதப்பன் இழுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவன் மறுபடியும் படகு எடுத்தான். ஆனால் முன்னால் இடப்பக்கத்தில், லோகநாதன் உட்கார்ந்த இடத்தில், யாரையும் உட்காரவிடவில்லை.

இதைக் கேள்விப்பட்டு எஸ்தர் வந்தார். மாதப்பனுக்கு ஆற்றைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"அந்த இடம் ஏன் காலி?"

"அவரோட இடம், மாஸ்டர்."

எஸ்தர் வலப்பக்கம் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பயணிகள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு. இருவர் வலப்பக்கம், ஒரு பெண் மட்டும் இடப்பக்கம்.

ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. வெயிலே இல்லை.

நாய்ப்பாறை நெருங்கியபோது படகு இடதுபுறம் திரும்பியது.

"இடப்பக்கம், வேகமா போடுங்க" என்று மாதப்பன் கத்தினான்.

இடப்பக்கத்தில் இருந்ததோ ஒரே ஒரு துடுப்பு. படகு பாறையில் போய் மோதியது. அந்தப் பெண் தண்ணீரில் விழுந்தாள். எஸ்தர் பாய்ந்து அவள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். பிறகு காலி இடத்தில் உட்கார்ந்து துடுப்பு போட்டார். படகு பாறையை விட்டு விலகியது.

கரையில் அந்தப் பெண் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேனில் ஏறினாள். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

மாதப்பன் மணலில் உட்கார்ந்தான்.

"மாஸ்டர், அவர் செத்தது என் தப்பா?"

"ஆமாம்."

மாதப்பன் துடுப்பை மணலில் வைத்தான்.

"எல்லாரும் ஆத்து மேலதான் பழி போட்டாங்க. அவர் சம்சாரம்கூட அப்படித்தான் சொன்னாங்க."

"நீ அதை நம்பினியா?"

"இல்லை."

எஸ்தரின் முழங்கையில் பாறை கிழித்திருந்தது. அவர் தண்ணீர் அள்ளி அதைக் கழுவினார்.

"அப்ப இந்தப் பாரத்தை நான் எங்கே இறக்கி வைக்கிறது?"

"இறக்க முடியாது, மாதப்பா. ஆனா அந்த ஓரத்து இடத்துல வைக்காதே. நடுவில் வச்சு ஓட்டு."