தரைப்பாலத்தில் ஒரு சத்தம்

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஊர், அந்தக் கரையில் சுடுகாடு. நடுவே கைப்பிடிச் சுவர்கூட இல்லாத ஒரு தரைப்பாலம். மழைக்காலம் வந்துவிட்டால் பாலத்தின் மேலேயே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும்.

அந்த ஊரில் ஓடையோரக் குடிசை ஒன்றில் ஒரு குரு இருந்தார். ஓடைச் சாமி என்பார்கள். அவருக்கு ஒரே ஒரு சீடர், பெயர் அங்கப்பன். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. "அப்பனைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல விட்ட மாதிரி இருக்கு" என்று ஊரார் சிரிப்பார்கள். இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அங்கப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருஷம் கோயில் தேருக்குக் கட்டை போட்டவர். ஆயிரம் பேர் முன்னால் வடம் பிடித்து இழுப்பார்கள். இவர் பின்னால், சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடப்பார். தேர் தறிகெட்டு ஓடாமல் கட்டையைச் செருகி நிறுத்தவேண்டும், முக்கில் திருப்பவேண்டும். கை ஒரு இம்மி பிசகினால் ஆள் கூழ்தான். அவர் காலத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அப்படிப்பட்டவர் போன ஐப்பசியில் திடுதிப்பென்று கட்டைகளைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டு, சாமியிடம் வந்து சேர்ந்துவிட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. சாமியும் கேட்கவில்லை.

அதே ஐப்பசியில்தான் ஒரு சாவு ஊர்வலத்தில் நெசவுக்கார நாச்சிமுத்து ஆற்றோடு போனார். இரண்டு நாள் கழித்துத் தாழம்புதரில் கிடைத்தார். குடித்திருந்தார் என்றது ஒரு வாய். வேட்டுச் சத்தத்தில் மிரண்டுவிட்டார் என்றது இன்னொரு வாய். எப்போது விழுந்தார் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

வருஷம் ஒன்று உருண்டது. மறுபடி ஐப்பசி, மறுபடி பாலத்தின் மேல் தண்ணீர். ஒருநாள் விடிகாலையில் மருத்துவச்சி பூவாத்தாள் காலமானாள். ஊரில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் அவள் கைக்குள் பிறந்தவர்கள். எல்லோருக்கும் அவளைத் தோளில் சுமக்க ஆசை.

பூவாத்தாளின் மகள் மரகதம் தலைவிரி கோலமாக அங்கப்பனிடம் வந்தாள்.

"அண்ணே, எங்கம்மா கையில இதுவரைக்கும் ஒரு உசிரும் போனதில்லை. அவ ஊர்வலத்துல ஒண்ணு போயிடக் கூடாது. தேரையே திருப்பினவங்க நீங்க. நீங்கதான் நடத்திக் குடுக்கணும்."

அங்கப்பன் மறுக்கவில்லை. நேரே பாலத்துக்குப் போனார். தென்னந்துடைப்பத்தால் பாசியைத் தேய்க்கச் சொன்னார். கோயில் கொட்டகையில் கிடந்த பழைய தேர்வடத்தைக் கொண்டுவரச் சொல்லி, கரைக்குக் கரை இழுத்துக் கட்டினார்.

ஊர்ப்பெரியவர் நல்லசிவம் குதித்தார். "ஏன் மாப்ளே, சாமி வடத்தைச் சாவுக்கா கட்டுவே?"

அங்கப்பன் வாயைத் திறப்பதற்குள் மரகதம் சொன்னாள்: "உங்க மகன் காலை முன்னால நீட்டிக்கிட்டு வரமாட்டேன்னு கிடந்தானே, அவனை எங்கம்மா இழுத்துதானே வெளிய கொண்டாந்தா? அவளுக்கு ஒரு கயிறு தரமாட்டீங்களா?"

நல்லசிவம் இறங்கிவந்தார். "சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடு" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றியதும் அங்கப்பன் சாமியைப் பார்க்கப் போனார். ஆசி வாங்கத்தான். சாமி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சொல்லுங்க அங்கப்பரே."

அங்கப்பன் தரையில் ஒரு கோடு கிழித்தார். அதுதான் ஆறு. மடியிலிருந்து ஒரு கை புளியங்கொட்டையை எடுத்து வைத்தார். அதெல்லாம் ஜனம். நடுவில் ஒரு குச்சி. அது பாடை.

"வேட்டு கிடையாது சாமி. மேளம் ஆத்தங்கரையோட நின்னுடும். பூ தூவறது ஊருக்குள்ள மட்டும். பாலத்துல தூவினா கை வடத்துல இருக்காது."

"அப்புறம்?"

"கரை இறங்கறப்ப உயரமான ஆளுங்க முன்னால. ஏறறப்ப அவங்களே பின்னால. பாடை சாயாது. அவ முகம் ஆகாசத்தைப் பார்த்தபடியே போகும்."

"அப்புறம்?"

"பொம்பளைங்க இந்தக் கரையிலயே நின்னுக்குவாங்க. ஆம்பளைங்க வரிசையா, வடத்தைப் பிடிச்சுக்கிட்டே போவாங்க. நீச்சல் தெரிஞ்ச ஆறு பேரைத் தண்ணி போற பக்கமா நிறுத்தியிருக்கேன்." பேசிக்கொண்டே அங்கப்பன் கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டி நகர்த்தினார். கடைசிக் கொட்டையும் அக்கரை போய்ச் சேர்ந்தது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சாமி. கொள்ளி வைக்க வேண்டியதுதான்."

சாமி கீரையைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தார்.

"இவங்க எல்லாம் அங்கேயே இருக்காங்களே?"

"யாரு சாமி?"

"இந்தப் புளியங்கொட்டைங்க."

அங்கப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "அவங்க வீட்டுக்கு வந்துடுவாங்க."

"எப்படி?"

"போன வழியேதான்."

"வடம் இருக்குமா?"

"பாடை தாண்டினதும் அவிழ்த்துடுவோம். சாயங்காலத்துக்குள்ள கோயிலுக்குப் போகணுமே."

"நீச்சல்காரங்க?"

"அவங்களும் நனைஞ்சுக்கிட்டு எத்தனை நேரம் நிப்பாங்க? போயிடுவாங்க."

"வரிசை?"

"சுடுகாட்டுல இருந்து வர்றதுக்கு ஏது சாமி வரிசை? அவனவன் விறுவிறுன்னு வருவான். திரும்பியே பார்க்கக் கூடாது இல்லையா?"

சொல்லி முடித்ததும் அங்கப்பனின் கை அப்படியே நின்றது.

சாமி அவசரப்படவில்லை. ஒரு கீரைத்தண்டை எடுத்து நார் உரித்தார். பிறகு கேட்டார்:

"நாச்சிமுத்து போறப்ப விழுந்தாரா, வர்றப்ப விழுந்தாரா?"

ஓடைத் தண்ணீர் சலசலத்தது.

"வர்றப்பதான் சாமி. எனக்குப் பின்னாலதான் வந்தார். அவருக்குப் பின்னால ஆள் இல்லை. தொபுக்குனு ஒரு சத்தம் கேட்டுது. மீன் துள்ளுதுன்னு நினைச்சேன்." தரையில் கிழித்த கோட்டைப் பார்த்தார். "நினைச்சுக்கிட்டேன். திரும்பக் கூடாதேன்னு கரைக்கு வந்து சேர்ந்துட்டேன்."

சாமி, ஐயோ என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"அப்படின்னா திரும்பிப் பார்க்கலாமா சாமி? பார்த்திருக்கணுமா?"

"அது எனக்குத் தெரியலை. எனக்குத் தேரைப் பத்திச் சொல்லுங்க. தேர் தெற்கு வீதிக்கு வந்ததும் ஜனம் வடத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுமா?"

"அதெப்படி சாமி? நிலைக்கு வந்து நிக்கவேண்டாமா?"

"வடம் பிடிக்கறவங்க சக்கரம் என்ன ஆச்சுன்னு திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்களா?"

"மாட்டாங்க. பார்க்க முடியாது. இழுக்கறதுலயே இருப்பாங்க."

"பயமா இருக்காதா அவங்களுக்கு?"

"எதுக்குப் பயம்? பின்னால நான்..."

அங்கப்பன் பாதியில் நிறுத்தினார். சாமி கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அங்கப்பன் குனிந்து, அக்கரையில் கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். கடைசியாக ஒரு கொட்டை மிஞ்சியது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொழுது சாய்வதற்கு முன்பே பூவாத்தாள் கிளம்பினாள். நல்ல கூட்டம். தெருவெல்லாம் சாமந்தி. ஆற்றங்கரையில் மேளம் நின்றதும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. உயரமானவர்கள் முன்னால் இறங்கினார்கள், அக்கரையில் பின்னால் மாறிக்கொண்டார்கள். பாடை அசையவே இல்லை. "அம்மா தூங்கிக்கிட்டே போறா" என்றாள் மரகதம், பக்கத்தில் நின்ற சாமியிடம். சாமி இந்தக் கரையிலேயே நின்றுகொண்டார். ஏன் சாமி சுடுகாட்டுக்கு வரவில்லை என்று அங்கப்பனுக்கு ஒரே யோசனை. கேட்க நேரமில்லை.

கொள்ளி வைத்தாயிற்று. "திரும்பிப் பார்க்காம போங்கப்பா" என்று வழக்கம்போல ஒரு குரல். கூட்டம் கலையப் பார்த்தது. அங்கப்பன் குறுக்கே போய் நின்றார்.

"வரிசையா நில்லுங்க. வயசானவங்க நடுவுல. வடத்தைப் பிடிச்சுக்கிட்டே போகணும். ஆறு பேரும் தண்ணியிலதான் நிக்கறாங்க."

"இதென்னய்யா கூத்து?" என்றார் நல்லசிவம். "போறதுக்கு ஊர்வலம் உண்டு. வர்றதுக்குமா?"

"தேர் நிலைக்கு வரவேண்டாமா மாமா?"

"வடத்தை இன்னுமா அவிழ்க்கலை?"

"நீங்க பிடிச்சுக்கிட்டு வரத்தான் விட்டிருக்கேன்."

நல்லசிவம் முணுமுணுத்துக்கொண்டே வடத்தைப் பிடித்தார். தண்ணீர் காலையில் இருந்ததைவிட ஒரு விரற்கடை ஏறியிருந்தது. அவர் பிடியை இறுக்கிக்கொண்டதை அங்கப்பன் பார்த்தார்.

எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு அங்கப்பன் கடைசியில் இறங்கினார். முன்னால் தலைகள், தோள்கள், முதுகுகள். ஒரு முதுகும் திரும்பவில்லை. பாதிப் பாலத்தில் தறிக்காரக் கிழவர் ஒருவர் கால் இடறி உட்கார்ந்துவிட்டார். அங்கப்பன் அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, கையை வடத்தில் வைத்துவிட்டார். முன்னால் போனவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அவர்கள் ஒவ்வொருவராகக் கரை ஏறினார்கள். கிழவரும் ஏறினார். நீச்சல்காரர்களும் ஏறினார்கள். பாலத்தில் மிச்சம் அங்கப்பன் மட்டும்தான். இன்னும் பத்து அடிதான்.

தொபுக்.

அவருக்குப் பின்னால்தான் கேட்டது.

அங்கப்பன் நின்றார். தனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். சுடுகாட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முன்னால் அனுப்பியவர் அவர். தண்ணீர் முழங்காலைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அவர் திரும்பினார்.

அதை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. திரும்பினால்தானே பார்க்க முடியும்?

வெகுநேரம் பார்த்துவிட்டு மெல்லக் கரை ஏறினார். கூட்டம் குளிக்கப் போய்விட்டது. மரகதத்தைப் பெண்கள் முன்பே கூட்டிப்போய்விட்டார்கள். வடம் கட்டியிருந்த மரத்தடியில் சாமி மட்டும் நின்றார், ஆற்றைப் பார்த்தபடி.

"சாமி, ஒரு தப்புப் பண்ணிட்டேன். திரும்பிப் பார்த்துட்டேன்."

"பார்த்தேன்."

அங்கப்பனின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன இருந்தது அங்கப்பரே?"

"மீன்."

சாமி மரத்தடியில் குனிந்து வடத்தின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அப்ப எல்லாரும் வந்தாச்சு" என்றார்.