காத்தாயி மட்டும் படுக்கவில்லை

அந்தக் காலத்தில் ஆடுமாடு மட்டுமா பேசியது? நம் ரத்தத்துக்குள் ஓடுகிற, கண்ணுக்குத் தெரியாத காவல்காரர்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நம்பாதவர்கள் கொஞ்ச நேரம் நம்புகிற மாதிரி இருங்கள். கதை முடிந்ததும் உங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

இந்தக் காவல்காரர்கள் பிறப்பது எலும்புக்குள்ளே, மஜ்ஜையம்மாவின் மடியில். படிப்பது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். சொந்தக்காரர் மேல் கை வைக்கக்கூடாது, அதுதான் அங்கே முக்கியப் பாடம். அதில் தேறாதவர்களை வெளியே விடமாட்டார்கள். தேறி வந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பகையின் முகம்தான் அடையாளம் தெரியும். அது வருகிற வரைக்கும் சும்மா சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாதிப்பேர் அந்த முகத்தைப் பார்க்காமலே செத்துப்போவார்கள், பாவம்.

ஒரு நோய் உள்ளே நுழைந்தால் முதலில் ஓடுகிறவன் கிளைக்கையன். அவனுக்குக் கைகள் மரக்கிளை மாதிரி நாலாபக்கமும் நீண்டிருக்கும். நோயைப் பிடித்து, அதன் சட்டையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு, கழுத்திலும் அக்குளிலும் காவல்காரர்கள் கூடுகிற இடத்துக்குப் போய் எல்லோரிடமும் காட்டுவான். நெறி கட்டியிருக்கிறது என்று நாம் தடவிப் பார்க்கிறோமே, அது அவர்கள் போடுகிற கூட்டம்தான். சட்டைக்காரனை அறிந்தவள் எழுந்திருப்பாள். ஒருத்தி பலராகப் பெருகிச் சண்டைக்குக் கிளம்புவாள்.

அதெல்லாம் சரி. ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காய்ச்சல் இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று, சண்டைக்குப் பெருகியவர்கள் எல்லோரும் வரிசையாகப் படுத்து உயிரை விட்டுவிட வேண்டும். இத்தனை பேருக்கும் சோறு போட உடம்பால் முடியாது, நியாயம்தான். ஆனால் ஒரு ஆள்கூட மிச்சமில்லாமல் போவதைப் பெரிய கௌரவமாக நினைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் புத்தி கெட்டது. வீட்டைக் கூட்டி முடித்துவிட்டு விளக்குமாற்றையும் குப்பையோடு கொட்டின கதை. அதே நோய் திரும்பி வந்தால் அதைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். புதிதாக ஒருத்தியைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் கைமீறிவிடும்.

ஆவுடை என்ற பெண்ணின் மூத்த மகன் அப்படித்தான் போனான். முதல் தடவை அம்மை வந்து பிழைத்துக்கொண்டான். மறுமுறை வந்தபோது போய்விட்டான். இப்போது அவனுடைய தங்கை மாடத்திக்கு அம்மை. ஆவுடைக்கு இருந்தது இந்த ஒரே பிள்ளைதான்.

மாடத்திக்குள் இருந்த காவல்காரியின் பெயர் காத்தாயி. அம்மையின் முகம் தெரிந்தவள் அவள்தான். பெருகினாள், அடித்தாள், விரட்டினாள். காய்ச்சல் இறங்கியது. ஆவுடை வேப்பிலை போட்ட தண்ணீரை மகள் தலையில் ஊற்றித் துவட்டினாள். துவட்டின கையோடு நெஞ்சில் சேர்த்து அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“பொழைச்சுட்டே கண்ணு. உங்கண்ணனும் மொதத் தடவை பொழைச்சவன்தானே.”

உள்ளே எல்லோரும் படுத்துக்கொண்டிருந்தார்கள். காத்தாயிக்கு அந்தப் பேச்சு கேட்டுவிட்டது. படுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெட்கங்கெட்டவள், வழக்கத்தைக் கெடுக்கிறாள் என்று கூடப் பெருகினவர்கள் கண்ணை மூடுகிற நேரத்திலும் திட்டினார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எல்லோரும் அடங்கின பிறகு எழுந்து, பிறந்த வீட்டுக்கே நடந்தாள்.

மஜ்ஜையம்மா வாசலிலேயே மறித்தாள். “எல்லாரும் போயாச்சு. நீ ஏண்டி இன்னும் இருக்கே?”

“அந்த அம்மைக்காரன் திரும்பி வந்தா, அவன் மூஞ்சி யாருக்கும்மா தெரியும்?”

“உனக்குப் போட எங்கிட்டே சோறு இல்லையே.”

“ஒரு வாய் கஞ்சி போதும். அவன் வர்ற வரைக்கும் யார் வம்புக்கும் போகமாட்டேன். ஓரமா இருந்துக்கறேன்.”

மஜ்ஜையம்மா பெற்று அனுப்பினவர்களில் சண்டை முடிந்து வீடு திரும்பினவள் இவள் ஒருத்திதான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நகர்ந்து இடம் விட்டாள்.

காத்தாயி அங்கேயே தங்கினாள். சில நேரம் உடம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவாள், மற்றபடி கஞ்சி, தூக்கம், அவ்வளவுதான். மாடத்திக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தது. ஊரில் மறுபடி அம்மை வந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலை தொங்கியது. ஆவுடை மகளை வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்தாள். அப்படியும் அது மாடத்திக்குள் வந்துவிட்டது.

வந்தவனைப் பார்த்ததுமே காத்தாயிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. புதிதாக யாரையும் தேட வேண்டிய வேலையே இல்லை. அவள் மளமளவென்று பெருகினாள். மத்தியானம் உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள் மாடத்தி. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சூடு தணிந்து, பசிக்கிறது என்றாள். எனக்குத் தெரியாமல் வெயிலில் போய் ஆடியிருக்கிறாய் என்று ஆவுடை ஒரு பாட்டம் திட்டிவிட்டுச் சோறு பிசைந்து ஊட்டினாள். அம்மை வந்து போனது கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

காத்தாயியோடு இந்த முறை இன்னும் சிலரும் படுக்காமல் மஜ்ஜையம்மாவிடம் வந்து சேர்ந்தார்கள். சங்கதி ஒவ்வொரு உடம்பாகப் பரவியது. வெகுகாலம் கழித்து வெளியே இருக்கிற மனிதர்களும் இதைத் தெரிந்துகொண்டார்கள். நோயே வர வேண்டாம், அதன் சட்டையை மட்டும் ஊசி வழியாக உள்ளே காட்டினால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். கிளைக்கையன் அதை எடுத்துக்கொண்டு ஓடுவான், காவல்காரர்கள் கூடுவார்கள், பெருகுவார்கள். அந்த அமளியில் கை கடுக்கும், காய்ச்சல் அடிக்கும், பிள்ளைகள் வீட்டை இரண்டாக்கும். அப்புறம் காவல்காரர்கள் எல்லோரும் படுத்துவிடுவார்கள், சிலரைத் தவிர.

அன்றைக்குத் தொடங்கினதுதான் இது. நோயையோ அதன் சட்டையையோ ஒரு தடவை பார்த்த காவல்காரர்களில் சிலர், ஒரு வாய் கஞ்சி குடித்துக்கொண்டு நமக்குள்ளே காத்திருக்கிறார்கள். வர இருந்த பெரிய நோய் வாசலோடு திரும்பிப் போகிறது. அது தெரியாத அம்மாக்கள், வெயிலில் ஆடினதற்காகப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே சோறு ஊட்டுகிறார்கள்.