எட்டு எண்ணும் நேரம்

கதை முடிந்ததும் ஒரு கேள்வி இருக்கிறது. அதனால் ஒரு காதைக் குக்கர் விசிலுக்குக் கொடுத்துவிட்டு மறு காதால் கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். திரும்பச் சொல்ல நேரமில்லை.

ஒரு சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு. ஜனவரி கடைசி ஞாயிறு மாலை அங்கே கிளப் ஆண்டு விழா. விழா என்றால் ரெஜினாதான். அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவரைப் பிடித்து அவர் நடை, பேச்சு, தும்மல் வரை அப்படியே நடித்துக் காட்டுவாள். அதற்கு அங்கே இரண்டு விதி உண்டு. நடிக்கப்படுகிறவர் தன் பொருள் ஒன்றைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும், அதுதான் சம்மதம். அவரிடம் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. கேன்டீன் மேனேஜருக்கு இல்லாத தொந்தியை ஒட்டவைத்த ஒருவர் மறுபடி மேடை ஏறவே இல்லை.

இந்த வருஷம் பள்ளி வேன் ஓட்டும் சிங்காரம் என்று ரெஜினா எப்போதோ முடிவு செய்துவிட்டாள். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளையும் ஏற்றும்போது அவர் பாட்டுப் பாடுவதுபோல எண்ணுவார். அதற்கே பாதிச் சபை சிரித்துவிடும். பால் வாங்குகிற சாக்கில் அந்த வாரம் முழுக்க கேட் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்தாள்.

புதன்கிழமை அது கண்ணில் பட்டது. "பதினாலு, பதினஞ்சு, பதி..." என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். கண் திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. உதடு மட்டும் எதையோ மென்றது. பிள்ளைகள் உற்சாகமாகக் கைதட்டி எண்ணினார்கள். எட்டு வந்ததும், "...னாறு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நின்றது அவருக்கே தெரியவில்லை.

சிரிக்கப் போன ரெஜினா பால் வாங்காமலே வீடு திரும்பினாள்.

அன்று மதியமே சிங்காரத்தின் மனைவி கோமளா வந்து நின்றாள்.

"பார்த்துட்டீங்கல்ல அக்கா? உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு தெரியும்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வண்டியைத் தொட மாட்டாரு, அப்புறம் மனுஷன் படுத்துருவாரு. ஏப்ரல்ல ரிடையர்டு. அதுக்கு மேல பொண்ணு கல்யாணம் வேற. அதை மட்டும் நடிக்காதீங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ரெஜினா வாக்குக் கொடுத்தாள். கொடுத்து முடித்த பிறகுதான் நோட்டீஸ் போர்டு நினைவுக்கு வந்தது: திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் அதே வேனில் கொல்லிமலைக்குச் சுற்றுலா. எழுபது கொண்டை ஊசி வளைவுகள்.

வெள்ளிக்கிழமை வரை தாங்கினாள். பிறகு கிளப் செயலாளர் தாமோதரனிடம் சொல்லிவிட்டாள். வேனுக்கும் அவர்தான் பொறுப்பு.

"மேடம், டூர் முடியட்டுமே. இப்ப வேற டிரைவருக்கு நான் எங்க போவேன்?" என்றபடி நிகழ்ச்சிப் பட்டியலில் சிங்காரத்தின் பெயரை அடித்தார். "நீங்க வாட்ச்மேனைப் பண்ணுங்க. ஜனங்க சிரிச்சா போதும்."

சனிக்கிழமை பிற்பகல் ரெஜினா வேன் ஷெட்டுக்குப் போனாள். ஈ காக்கை இல்லை. சிங்காரம் பழைய பேப்பரால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தொப்பிதானே? இந்தா தங்கச்சி. நல்லா வாரணும், ஆமா. அண்ணன்னு பாவம் பார்க்காதே."

ரெஜினா வாயைத் திறந்தாள். "சரிண்ணே" என்றாள். தொப்பியோடு வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் அடித்திருந்த பெயரையே அவள் மேடையில் சொன்னாள். தொப்பியை மாட்டினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியதும் சபை குலுங்கியது. சிங்காரம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பதினாலு, பதினஞ்சு, பதி..."

நின்றாள். கண் திறந்திருந்தது. உதடு மென்றது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உடனே கைதட்டி எண்ணினார்கள். எட்டு. "...னாறு!" அவள் வாழ்க்கையில் அப்படியொரு கைதட்டலை வாங்கியதில்லை.

"அடப்பாவி! நான் எப்ப இப்படி நின்னேன்?" என்று சிங்காரம் சிரிப்போடு கத்தினார். "இல்லாததைச் சேர்க்கக் கூடாதுல்ல?"

"தினம் நிப்பீங்களே மாமா!" என்றது பிள்ளைக் கூட்டம்.

ரெட்டைச் சடை போட்ட சின்னப் பெண் ஒருத்தி எழுந்து நின்று திருத்தினாள். "வண்டி ஓடும்போதுகூட. முந்தாநேத்து பாலத்துல பன்னெண்டு வரைக்கும் எண்ணினோம்."

சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. சிங்காரம் திரும்பி மனைவியைப் பார்த்தார். கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு போதும். எழுந்தார், சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து, தாமோதரன் முன்னால் இருந்த நிகழ்ச்சிப் பட்டியலின் மேல் வைத்தார்.

"நாளைக்குப் பிள்ளைங்கள ஏத்தாதீங்க சார்."

தொப்பியைக் கேட்கவில்லை. நேரே வாசலைப் பார்த்து நடந்தார்.

இப்போது சொல்லுங்கள். மறைத்தாள் கோமளா; தள்ளிப்போட்டார் தாமோதரன்; வாக்கை மீறி மேடையில் போட்டு உடைத்தாள் ரெஜினா; சாவியை வைத்தார் சிங்காரம். உண்மை தெரிந்தபின் சரியாக நடந்துகொண்டவர் யார்?

விடை: ரெஜினா என்று சொன்னவர்கள் சனிக்கிழமையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். ஷெட்டில் சிங்காரம் தனியாக இருந்தார், சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். ஆனால் ஷெட் கைதட்டாது. கோமளாவுக்கு மூன்று மாதம் போதவில்லை. தாமோதரனுக்கு இரண்டு நாள், ரெஜினாவுக்கு நாலு நாள். யாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ அவரைத் தவிர எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டார்கள். கடைசியாகத் தெரிந்துகொண்ட சிங்காரத்துக்கு எட்டு எண்ணும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. சரி செய்தவர் அவர் ஒருவர்தான். பிள்ளைகள் பிழைத்தது ரெஜினாவால்தானே என்கிறீர்களா? பிழைத்தார்கள். தொப்பி இன்னும் அவள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. திருப்பிக் கொடுக்கப் போக அவளுக்குக் கால் வரவில்லை.