கலாமணி கேட்ட சொல்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் இயந்திரங்களை இயக்க தில்ஷாத் ஒரு நிரல்மொழி செய்திருந்தாள். மொத்தம் பதினெட்டே சொற்கள்.

அதைக் கற்க வந்தவர் ஞானசேகரன். ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலை ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"டீச்சர், மொழியில சில குறியீடுகள் சேர்த்திருக்கேன். நீங்க பன்னிரண்டு வரியில சொல்றதை இப்ப ஒரே வரியில சொல்லிடலாம்!"

தில்ஷாத் படித்தாள். முகம் மலர்ந்தது.

"பிரமாதம் சார்."

"அப்ப சேர்த்துக்கலாமா?"

"கலாமணி அக்கா ஓட்டிப் பார்க்கட்டும்."

கலாமணிதான் இயந்திரத்தை இயக்குபவள். மாலைக்குள் அனுப்பவேண்டிய சாம்பிள் துணி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. ஞானசேகரனின் வரியில் ஓடிய இயந்திரத்தில் சூடு விறுவிறுவென்று ஏறியது. சிவப்புச் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கப் பார்த்தது.

கலாமணி திரையைப் பார்த்தாள்.

"இதுல சூடு எங்கீங்க சார் இருக்குது?"

ஞானசேகரன் குனிந்து தேடினார். அவர் எழுதிய வரிதான். விரல் இங்கும் அங்கும் அலைந்தது.

தில்ஷாத் சட்டென்று பழைய பன்னிரண்டு வரியை ஏற்றினாள். கலாமணி ஏழாவது வரிக்குப் போனாள். அந்தத் துணிக்கு அதிகமாயிருந்த எண்பது டிகிரிச் சூட்டை அறுபது ஆக்கினாள். துணி தப்பியது.

ஞானசேகரன் முகம் வாடிவிட்டது. "அப்ப, மொழின்னா எளிமையா இருந்தாப் போதும். இல்லையா டீச்சர்?"

தில்ஷாத் கலாமணியிடம் திரும்பினாள். "அக்கா, பழைய மொழியில உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"அந்த அலசற ஆறு வரிதானுங்க. ஒரு நாளைக்கு நாப்பது தடவ எழுதறேன், கை நோவுது. 'அலசு'ன்னு ஒரு சொல்லு வெச்சா ஆவாதுங்களா?"

தில்ஷாத் துள்ளி எழுந்தாள். "சார், உட்காருங்க. நீங்கதான் எழுதணும்!"

மதியத்துக்குள் பத்தொன்பதாவது சொல் பிறந்தது. கலாமணி 'அலசு 3' என்று தட்டினாள். இயந்திரம் மூன்று முறை அலசிவிட்டு நின்றது. அவள் கைதட்டிச் சிரித்தாள். ஞானசேகரனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"இதுவும் சுருக்கம்தானே டீச்சர். என்னுதை விட்டுட்டு இதை மட்டும் ஏன் சேர்த்தீங்க?"

"உங்க வரியைப் படிச்சதும் நீங்க எவ்வளவு கெட்டிக்காரர்னு தெரிஞ்சுது சார். இதைப் படிச்சா, துணி என்ன ஆகப்போகுதுன்னு தெரியுது."