வெள்ளத்தாயின் பானைக்கு நாலு காவல்

தும்பைக்குளம் சந்தையில் கருவாடு விற்கும் வெள்ளத்தாய், சந்தைத் தலைவர் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்த அன்று கிழக்கு வரிசையில் ஓட்டு உள்ள அத்தனை பேரிடமும் நேரில் போய், "என்னை ஆதரிங்க" என்று கேட்டாள். முப்பத்தாறு பேர் சிரித்தார்கள். நாலு பேர் ஆதரித்தார்கள்.

அந்த நாலு பேர் ஆதரித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சொன்னதைச் செய்கிற ஜாதி அவர்கள். மொக்கராசு, சங்கிலி, காத்தமுத்து, உமையன் என்று சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள். லாரியைக் காட்டி "இறக்குங்கப்பா" என்றால் இறக்குவார்கள். ஒருநாள், "போதும்" என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. வெங்காய மூட்டை தீர்ந்ததும் ஸ்டெப்னி டயரை இறக்கினார்கள், டிரைவர் சீட்டை இறக்கினார்கள், சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரையும் அலுங்காமல் இறக்கி வெங்காயத்தின் மேல் அடுக்கினார்கள்.

தும்பைக்குளத்தில் தலைவர் தேர்தலுக்கு முன்னால் இன்னொரு தேர்தல் உண்டு. கிழக்கு வரிசை தனக்குள் ஓட்டுப் போட்டு ஒருவரைப் பொறுக்கியெடுக்கும். மேற்கு வரிசையும் அதே மாதிரி ஒருவரைப் பொறுக்கியெடுக்கும். எட்டு நாள் கழித்து இரண்டு பேரும் மோதுவார்கள். கிழக்கில் மூன்று தடவையாக மிளகாய் மண்டி ஆவுடையப்பன் அண்ணாச்சிதான். அவருக்கு எதிராக நிற்பதும் ஓடுகிற லாரிக்கு எதிராக நிற்பதும் ஒன்று என்று சந்தையில் பேச்சு.

இந்தத் தடவை அண்ணாச்சி, தரைக்கடைகளை எல்லாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் எலும்புக் கிடங்கை ஒட்டித் தள்ளிவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். சாக்கு விரிக்கிற அந்த நாலடி இடத்தைப் பதினெட்டு வருஷம் சண்டை போட்டுப் பிடித்தவள் வெள்ளத்தாய். எலும்புக் கிடங்குப் பக்கம் போனால் கருவாட்டுக்காரியே மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தரைக்கடைக்குக் கூரை வேண்டும், பொம்பளைகளுக்குக் கக்கூஸ் வேண்டும், மூட்டைக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மூன்று கோரிக்கையோடு கிளம்பிவிட்டாள்.

"சந்தைன்னா வெயில் அடிக்கத்தானம்மா செய்யும்?" என்று கேட்டவனிடம், "அப்ப உன் கடைக் கூரையப் பிரிச்சு எனக்குக் குடு" என்றாள். அந்த ஓட்டு போயிற்று.

கோபம் தணிந்ததும் நாலு பேரையும் கூப்பிட்டாள். "எனக்குத் தேர்தல் வேலை தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அண்ணாச்சி ஆளுங்க மூணு தேர்தல் பாத்தவனுங்க. அவனுங்க என்ன செய்யறானுங்கன்னு பாத்து, அதையே அச்சு மாறாம செய்யுங்க."

மறுநாள் விடிகாலையில் சந்தையே அதிர்ந்தது. "போடுங்கள் ஓட்டு! ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கே!" என்று நாலு கட்டைக் குரல். அண்ணாச்சியின் ஆட்கள் ஒரு தடவை கத்தினால் இவர்கள் நாலு தடவை கத்தினார்கள். அண்ணாச்சியின் ஆட்கள் வெள்ளத்தாயின் நோட்டீசைச் சுவரிலிருந்து கிழித்தார்கள். இவர்களும் கிழித்தார்கள். எட்டாத உயரத்தில் இருந்ததை மொக்கராசின் தோளில் உமையன் ஏறிக் கிழித்தான்.

வெள்ளத்தாய் கருவாட்டுக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "டேய்! யாருக்குடா கத்துறீங்க?"

"உங்களுக்குத்தான்க்கா" என்றான் மொக்கராசு.

"அவன் பேரச் சொல்லி எனக்கா?"

"அவங்க அந்தப் பேரத்தான்க்கா சொல்றாங்க. மாத்திச் சொன்னா அச்சு மாறிடுமே?"

காத்தமுத்துவுக்கு மனசு வலித்தது. "நாங்க அவங்களவிட நல்லாக் கத்துனோம்க்கா. அவங்களே பாராட்டிட்டுப் போனாங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சந்தை என்பது வேறு கணக்கு. விடியாத நேரத்தில், ராத்திரி லோடு இறக்கிவிட்டு அசந்து தூங்குகிறவன் காதுக்குள் ஆவுடையப்பன், ஆவுடையப்பன் என்று இப்படி இடித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? தேங்காய்க் கடைக்காரரும் வெற்றிலைக் கடை அம்மாவும், "அந்த ஆளு பேரக் கேட்டாலே எரியுது. பேசாம உனக்கே போட்டுடறோம் தாயி" என்று வந்து நின்றார்கள்.

வெள்ளத்தாய்க்கு ஆச்சரியமாக இருந்தது. வந்த சரக்கை வேண்டாம் என்பானேன் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த உத்தரவைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். "இனிமே கத்த வேண்டாம். ஓட்டு உள்ளவங்க இடத்துக்கு ஒவ்வொண்ணா போங்க. ஒரு கதவையும் விடக் கூடாது. திறக்கற வரைக்கும் தட்டணும். சிரிச்ச முகமா நிக்கணும்."

முதலில் வந்தது கமாலுதீன் பாயின் பழைய மரச்சாமான் கடை. இடித்த வீடுகளிலிருந்து எடுத்த கதவுகள் சுவரோரம் முப்பத்தேழு சாய்ந்து நின்றன. நாலு பேரும் மலைத்துப் போனார்கள்.

"இத்தன வீடா?" என்றான் சங்கிலி.

"வீடு இருக்கா இல்லையாங்கறது நம்ம வேலை இல்ல. ஒரு கதவையும் விடாதேன்னுதான் அக்கா சொல்லிச்சு" என்றான் மொக்கராசு.

தட்டினார்கள். சிரித்த முகமாக நின்றார்கள். திறக்கவில்லை. மறுபடி தட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் போனால் இரண்டு பேர் தட்டினார்கள்.

"இந்தத் தேக்குக் கதவு நமக்குத்தான் போடும்" என்றான் உமையன்.

"எப்படிச் சொல்றே?"

"காலையிலருந்து இவ்வளவு அடிக்கறோம். எதுத்து ஒரு வார்த்த பேசல பாரு."

"நீ வேற. அந்தப் பூவேலைக் கதவும்தான் பேசல. அது அண்ணாச்சி ஆளு. மூஞ்சியப் பாத்தாலே தெரியலயா?"

"உள்ள யாரும் இல்லயோ என்னமோ" என்று சங்கிலி இழுத்தான்.

"வெளிய பூட்டு இல்லயே. அப்ப உள்ளதானே இருக்கணும்?" என்று காத்தமுத்து கேட்டதும் மற்ற மூன்று பேரும் அவன் மூளையை மெச்சிக்கொண்டார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கமாலுதீன் பாய் இரண்டு காதிலும் பஞ்சோடு வெள்ளத்தாயிடம் வந்தார். "தங்கச்சி, என் ஓட்டு உனக்கு. என் மச்சான் ஓட்டு உனக்கு. பக்கத்துக் கொல்லுப்பட்டறைக்காரன் தாங்க முடியாம அழுவுறான், அவன் ஓட்டும் உனக்கு. அந்த நாலு பேரையும் கூப்பிட்டுக்க."

இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் இருபத்துமூன்று. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு தடவை எண்ணினாள். இருபத்துமூன்றுதான். அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. தோற்பது பழகின சமாச்சாரம், அதற்குக் கை வேர்க்காது. ஜெயிக்க வாய்ப்பு வந்த பிறகுதான் பயமே வந்தது.

தும்பைக்குளத்து ஓட்டு புளியங்கொட்டை ஓட்டு. சாக்குப் படுதாவுக்குப் பின்னால் இரண்டு பானை இருக்கும். ஆளுக்கு ஒரு கொட்டை. மேலே நின்று போட்டால் டொக்கென்று சத்தம் வரும், எந்தப் பானை என்று வெளியே தெரிந்துவிடும். அதனால் பானைக்குள் மணல் பரப்பி, கையை முழங்கை வரை விட்டு, மணலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வர வேண்டும். தேர்தலை நடத்துகிறவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் தனகோடி. சட்டத்தை ஸ்டாம்பு மாதிரி நாக்கில் தொட்டு ஒட்டுகிற மனிதர்.

இந்த ஏற்பாட்டில் அண்ணாச்சிக்கு ஒரு தில்லுமுல்லு உண்டு. அவருடைய ஆள் ஒருவன் தன் கொட்டையோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு கொட்டையைக் கொண்டுபோய் அண்ணாச்சி பானையில் வைப்பான். எதிராளி பானையில் கையை விட்டு அதே அளவு அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வருவான். மொத்தம் சரியாக வரும். எல்லாருக்கும் தெரியும், யாரும் பிடித்ததில்லை.

பானைக்கு நாலு பேர் காவல் வைக்கலாம் என்பதும் சட்டத்தில் இருந்தது. வேட்பாளர்கள் மட்டும் ஐம்பதடி தள்ளி உட்கார வேண்டும், கடைசியில்தான் ஓட்டுப் போட வேண்டும். அண்ணாச்சி மூன்று தேர்தலாகக் காவல் வைத்ததில்லை. திருடுகிறவர் வீட்டுக்கு யார் திருட வருவார்?

வெள்ளத்தாய் தன் நாலு பேரையும் நிறுத்தி, ஒவ்வொருத்தன் கண்ணையும் பார்த்துச் சொன்னாள். "என் வாழ்க்கையே அந்தப் பானைலதான் இருக்கு. ஒருத்தன் கையும் உள்ள போகக் கூடாது. எவனா இருந்தாலும் சரி. என்ன காரணம் சொன்னாலும் சரி."

"உயிரே போனாலும் விட மாட்டோம்க்கா" என்றான் மொக்கராசு. சொன்னால் செய்கிறவன்.

ஐம்பதடி தள்ளிக் கறிக்கடை நிழலில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய்க் கடைக்காரர் படுதாவுக்குள் போனார். வெகுநேரம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். வெற்றிலைக் கடை அம்மா போனாள். உள்ளே ஏதோ வாக்குவாதம் கேட்டது. வெளியே வந்து, வெள்ளத்தாயைப் பார்த்துக் கையை விரித்தாள். கமாலுதீன் பாய் வரும்போதே தலையில் அடித்துக்கொண்டு வந்தார். என்ன ஏதென்று கேட்கலாம் என்றால், வேட்பாளர் பேசக் கூடாது என்று போஸ்ட்மாஸ்டர் விரலைக் காட்டினார்.

அண்ணாச்சி ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் கடைசியாக அவள் முறை. படுதாவை விலக்கினாள். நாலு பேரும் பானையைச் சுற்றிக் கை கோத்து நின்றார்கள். உமையனின் சட்டை கிழிந்திருந்தது. கொட்டையோடு கையை நீட்டினாள். சங்கிலி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம்க்கா."

"என்னடா வேணாம்?"

"கை உள்ள போகக் கூடாதுக்கா."

"என் பானைடா! என் கைடா!"

"எவனா இருந்தாலும் சரின்னீங்களே. நீங்க மட்டும் என்ன ஒசத்தி?" என்று சங்கிலி நியாயம் கேட்டான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "அப்ப... காலையிலருந்து வந்தவங்க?"

மொக்கராசின் முகம் பெருமையில் பூரித்தது. "ஒருத்தர விடலக்கா! உங்களுக்குத்தான் போட வந்தோம்னு கெஞ்சுனாங்க. பாய் காலத் தொட்டாரு. அந்தப் பானைக்கு எங்களுக்கு உத்தரவு இல்ல, வேணும்னா அங்க வச்சுக்கங்கன்னு அனுப்பிட்டோம்."

"அண்ணாச்சி ஆளு ஒருத்தன் சட்டையப் பிடிச்சுச் சண்டையே போட்டான்க்கா. உமையன் கடிச்சுத் தொரத்திட்டான்" என்றான் காத்தமுத்து.

"உங்க ஓட்டு எங்கடா? நீங்க நாலு பேரு?"

"எங்க கையும் கைதானேக்கா. நாங்களும் அங்கயேதான் வச்சோம்" என்றான் உமையன்.

வெள்ளத்தாய் தன் புளியங்கொட்டையை மொக்கராசின் நெற்றியில் விட்டெறிந்துவிட்டு வெளியே வந்து, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எலும்புக் கிடங்கின் நாற்றம் அங்கேயே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் முதலில் அவள் பானையைக் கவிழ்த்தார். மணல் கொட்டியது. மணலைச் சலித்துப் பார்த்தார். மணல்தான். அண்ணாச்சியின் ஆட்கள் வேட்டுக் கொளுத்தினார்கள். அடுத்து அண்ணாச்சி பானையைக் கவிழ்த்து எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார்.

"கிழக்கு வரிசையில ஆள் நாற்பத்தொண்ணு" என்றார். "இந்தப் பானையில கொட்டை அம்பத்திரண்டு."

அண்ணாச்சி தன் ஆளைப் பார்த்தார். அவன் கையில் உமையனின் பல் பதிந்த இடத்தைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தான். கொண்டுபோன பன்னிரண்டையும் உள்ளே வைத்திருந்தான், பதிலுக்கு அள்ள வேண்டியதை அள்ளவே முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு இல்லாமலே அண்ணாச்சிக்கு நாற்பது இருந்தது. பாவம், அதை அவருக்கு யார் சொல்வார்கள்?

"ஆளைவிடக் கொட்டை அதிகம் இருந்தா பானை தள்ளுபடி. ஏழாவது விதி" என்றார் போஸ்ட்மாஸ்டர். "மிச்சம் இருக்கறது ஒரு பானை. அதுல ஒரு குத்தமும் இல்ல. ஓட்டு எதுவும் பெறாத வெள்ளத்தாய், கிழக்கு வரிசையின் வேட்பாளர்."

தரைக்கடைப் பொம்பளைகள் குலவை போட்டார்கள். நாலு பேரும் மூட்டைப் பலகையைக் கொண்டுவந்து, அதில் அவளை உட்கார வைத்து, ஆளுக்கொரு முனையாகத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்தையைச் சுற்றினார்கள். கழுத்தில் மாலையோடு போகும்போது வெள்ளத்தாய்க்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மேற்கு வரிசைக்காரனோடு மோத எட்டு நாள் இருக்கிறது. வீடு வீடாகப் போகலாம். ஜெயித்தே விடலாம். நடுவில் இந்த நாலு பேர் மட்டும் புகாமல் இருந்தால் போதும்.

பெரிய சாக்கடையைத் தாண்டும்போது அவளுக்கு அந்த யோசனை வந்தது. முன்னால் இரண்டு பேர் அந்தக் கரைக்குப் போய்விட்டார்கள், பின்னால் இரண்டு பேர் இந்தக் கரையில்.

"டேய், நில்லுங்கடா. நாலு பேரும் கேட்டுக்கங்க" என்றாள். நின்றார்கள். "இந்த நிமிசத்துலருந்து தேர்தல் முடியற வரைக்கும் நீங்க ஒண்ணுமே செய்யக் கூடாது. ஒரு துரும்பக்கூட அசைக்கக் கூடாது. எனக்கே புத்தி கெட்டுப் போயி, அதச் செய் இதச் செய்யுன்னு கெஞ்சுனாலும் அழுதாலும் கேக்கவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

நாலு பேரும் சத்தியம் செய்தார்கள்.

"சரி, போங்க" என்றாள்.

யாரும் போகவில்லை.

கீழே சாக்கடை கறுப்பாக ஓடியது. குலவை போட்டவர்கள் அவரவர் கடைக்குப் போய்விட்டார்கள். மாலையிலிருந்து ஒரு சாமந்தி உதிர்ந்து சாக்கடையில் விழுந்து மிதந்து போனது.

"எலே, இறக்குங்கடா... ராசா, மொக்கராசு, உனக்குப் புண்ணியமாப் போகும். அக்காவ இறக்கி விட்டுடுப்பா..."

மொக்கராசு அசையவில்லை. அவன் கண் மட்டும் கலங்கியது.

"பாத்தீங்களாடா" என்றான் காத்தமுத்து, உதடு அதிகம் அசையாமல். "கெஞ்சுவேன்னு சொல்லிச்சு, கெஞ்சுது. அடுத்து அழும் பாருங்க. எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிச்சு வச்சிருக்கு. தலைவர்னா இப்படில்ல இருக்கணும்!"