கருங்கோட்டைக் கதவு

சென்னைக்கு வெளியே ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் ஒரு கதவு இருந்தது. ‘கருங்கோட்டை’ என்ற சரித்திரத் தொடருக்காகச் செய்த கதவு அது. இரண்டு ஆள் உயரம். வெறும் ஒட்டுப்பலகைதான், ஆனால் பூசிய வண்ணத்தில் தேக்கு மாதிரி மின்னும்.

ஒரு நாட்டையே மூன்று தலைமுறையாகக் கைக்குள் வைத்திருந்த குடும்பத்தின் கதை அந்தத் தொடர். இருநூறு நாளாக ஓடியது. அத்தனை நாளும் எத்தனையோ பேர் வந்து தட்டினார்கள். ராஜாவின் வீட்டார் தவிர வேறு யாருக்காகவும் கதவு ஒரு விரற்கடைகூட அசைந்ததில்லை. அதில் அதற்கு ஏகப் பெருமை.

கடைசிப் பகுதி எடுப்பதற்கு முன்னால், இயக்குநர் பரஞ்சோதி பார்வையாளர்கள் சிலரைக் கூடத்துக்கு அழைத்திருந்தார். கதவுக்கு உள்ளே சிம்மாசனம் இருந்த அரண்மனை மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, “உங்க மனசுல எது நின்னுச்சு? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குமரப்பன் முதலில் எழுந்தார். “ராஜா சிம்மாசனத்துல கால்மேல கால் போட்டு உக்கார்ற தோரணை சார். வீட்டுல நானும் அப்படி உக்காந்து பார்த்தேன். சம்சாரம் சிரிக்கிறா.”

“கேட்டாயா?” என்றது சிம்மாசனம் கதவிடம்.

கல்லூரியில் படிக்கும் யாழினி, அண்ணனும் தம்பியும் மோதிய வாள்சண்டையைப் பற்றிச் சொன்னாள். சுவரில் தொங்கிய வாள் உறைக்குள்ளேயே சிலிர்த்தது.

அடுத்து எழுந்தவர் ஆராயி. திருமயம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர்.

“எனக்கு அந்தக் கதவுதாங்க ஞாபகம் இருக்கு” என்றார்.

கதவு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது.

“பஞ்சத்துல சனங்க வந்து நின்னாங்கள்ல? கைப்புள்ளையோட ஒருத்தி கதவுல தலையச் சாய்ச்சுக்கிட்டு நின்னா. உள்ள விருந்து நடக்குது. நீங்க ராசாவையே காட்டிக்கிட்டிருந்தீங்க. நான் கதவு திறக்குமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ராசா மனசு கல்லு, சரி. அது மரந்தானே?”

பரஞ்சோதி தயங்கித் தயங்கிச் சொன்னார். “கடைசியிலயும் திறக்காதும்மா. சனங்க மோதிப் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. சரித்திரத்துல அப்படித்தான் இருக்கு.”

“அப்ப நான் பாக்க மாட்டேங்க” என்றார் ஆராயி. கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு கதவு கேட்டது: “அந்தப் பெண் என்மேல் தலை சாய்த்து எவ்வளவு நேரம் நின்றாள்?”

“அது நடிப்பு. நமக்கென்ன?” என்றது சிம்மாசனம். “நாம் இருப்பதால்தான் இந்தக் குடும்பம் நிற்கிறது. அதை நினைத்துச் சந்தோஷப்படு.”

“அதை நினைத்தால்தான் உறுத்துகிறது” என்றது கதவு.

மறுநாள் காலை படப்பிடிப்பு தொடங்கியது. வெளியே ஐம்பது துணை நடிகர்கள். கதவுக்குப் பின்னால் குறுக்குக் கட்டை. மூன்று முறை மோதிவிட்டு அவர்கள் பின்வாங்க வேண்டும்.

முதல் மோதலைக் கதவு தாங்கியது. இரண்டாவதையும் தாங்கியது. மூன்றாவது முறை, முன்வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் உள்ளங்கை தன்மேல் பட்டதும் கதவு தன் முதுகை வளைத்துக் கொடுத்தது. கட்டை நழுவித் தரையில் விழுந்தது. கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்தது.

துணை நடிகர்கள் திகைத்து நின்றார்கள். இப்படி ஒரு காட்சிக்கு வசனம் எழுதியிருக்கவில்லை.

“கேமரா ஓடட்டும்” என்றார் பரஞ்சோதி.

ராஜாவாக நடித்த தணிகைவேல் முப்பது வருடம் நாடக மேடை பார்த்தவர். வாசலில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தார். சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். படியிறங்கி வந்து, “உள்ளே வாருங்கள்” என்றார். அது நடிப்பா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

வசனகர்த்தா ஓடி வந்தார். “சார், சரித்திரத்துல இப்படி இல்லையே.”

“எழுதினவங்க யாரு? உள்ள உக்காந்திருந்தவங்கதானே” என்றார் பரஞ்சோதி. காட்சியை அப்படியே வைத்துக்கொண்டார்.

கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. அந்த வாரம் வந்த கடிதங்களில் சிம்மாசனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிம்மாசனத்துக்குப் பொறுக்கவில்லை.

“கண்டவர்களுக்கும் திறந்துவிட்டாய். இனி உன்னை யார் கதவென்று மதிப்பார்கள்?”

வெளிக்காற்று தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவு சொன்னது:

“திறக்காமல் நின்ற வரைக்கும் நான் சுவர்.”